தடிச்ச கையும் தடிக்காத கையும்

என்னா மச்சான், படியிலயே நின்னுட்டீங்க? பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? நாந்தான், செல்லசாமிதான். காலு தரையில படுதான்னு பாக்குறீங்களா? படுது, படுது. நா இன்னும் சாகல. ஏறி வாங்க, இப்பிடி வாசத் திண்ணையில, இஸ்தோப்புல உக்காருங்க. கம்பளிய ஒதறி அந்த ஆணியில மாட்டுங்க. ஒங்க டயகம தோட்டத்துலேருந்து இந்த மழையில மல ஏறி எறங்கி வந்துருக்கீங்க, காலெல்லாம் அட்டையாக் கெடக்கு. இந்தாங்க சுண்ணாம்பு, வச்சு விடுங்க, தானா விழுந்துரும்.

அந்தக் கூடையில என்னா துடிக்குது? கோழியா! எனக்கா? சூப்பு வச்சுக் குடுக்கவா? ஐயோ மச்சான், இப்பிடி வெக்கப்பட வைக்கிறீங்களே. சரி, காலக் கட்டி அந்த மூலையில போடுங்க.

வடிவா? உள்ளதான் இருக்கா, காம்பராக்குள்ள. கூப்புடாதீங்க. செத்தப் பொறுங்க. இல்ல இல்ல, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எங்களுக்குள்ள என்னைக்கி சண்ட வந்துருக்கு, அவ திட்டுவா, நா கேட்டுக்குவேன். நா ஒரு சேதி சொல்லி முடிக்கணும், அதுக்கப்பறம் நீங்க தாராளமா உள்ள போயி ஒங்க தங்கச்சியப் பாருங்க. சேதி சொல்லி அனுப்புனவன் நாந்தான, நாந்தான அதுக்குப் பதிலும் சொல்லணும்.

லொறிக்காரரு என்னா சொன்னாரு ஒங்ககிட்ட? அப்பிடியேவா? செல்லசாமிக்குச் சயரோகம், கை தடிச்சுப்போச்சு, இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கான், வடிவு கை சுத்தமா இருக்கு, வந்து தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. ம். ஒரு வார்த்த கொறையாமச் சொல்லியிருக்காரு. அவரு நல்ல மனுசன். நாந்தான் கிறுக்கன். மறு சேதி அனுப்பலாம்னு பாத்தா, பூண்டுலோயா ரோட்டுல மண்ணு சரிஞ்சு லொறியே வரல. நீங்க வந்து நிக்கிறீங்க, கோழியோட.

இந்தாங்க, கையப் பாருங்க. முழங்கைக்குக் கீழ, உள்பக்கம். இப்ப கறுத்துப்போயித் தோலு உரியுது. அன்னைக்கிப் பாத்துருக்கணும் நீங்க. பணியாரம் மச்சான். சுட்ட பணியாரம். அதத் தூக்கிக்கிட்டு இந்தத் தோட்டம் பூரா ராசா மாதிரி சுத்துனேன்ல!

காளியாயி தெரியுமில்ல, ஸ்டோர்ல தேயிலத் தூள் சலிக்கிறது? ரத்தமா இருமி இருமி அது போயிச் சேந்துச்சு. அதுக்கப்பறந்தான் பெரிய தொரைக்குப் பயம் வந்துருச்சு. கண்டியிலேருந்து ஒரு டாக்டர வரவழைச்சாரு. சிங்கள ஆளு, ஆனா தமிழு நம்மள விடத் தெளிவாப் பேசுவாரு. ஒரு நாளு விடியக்காலம் பேரு கூப்புடுற பெரட்டுக்கு எல்லாரையும் வரச் சொல்லி, கொழுந்தெடுக்கவும் போக வேணாம் செடி வெட்டுற கவ்வாத்துக்கும் போக வேணாம், வரிசையில நில்லுன்னாங்க. சின்னதா ஒரு ஊசி. தோலுக்கு அடியில சும்மா ஒரு பொட்டு மருந்து. கொசு கடிச்ச மாதிரி ஒரு கொப்புளம், அம்புட்டுத்தான். தேய்க்காத, சொறியாத, மூணாம் நாளு வந்து கையக் காட்டுன்னாரு டாக்டரய்யா.

எதுக்கு இந்த ஊசின்னும் அவரு சொன்னாரு மச்சான், பொய் சொல்லக் கூடாது. ஆனா யாரு கேட்டா? கையில குத்துனா எதுக்குன்னு நமக்குத் தெரியாதா? மண்டபம் கேம்புல எத்தன பேரு குத்து வாங்கி வந்தவங்க நாம! அம்மக் குத்து. ஞாபகம் இருக்கா, குத்துன எடம் வீங்கிப் பழுத்தா எடுத்துருச்சும்பான், கப்பல்ல ஏத்துவான். வீங்கலேன்னா எடுக்கல, மறுபடி குத்து, மறுபடி கெட. எனக்கு ரெண்டு தடவயும் எடுக்கலியே! எங்கூட வந்த சனமெல்லாம் தலைமன்னாரு போயிச் சேந்து ரயிலும் ஏறியாச்சு, நா மட்டும் அந்த மணல்ல உக்காந்து கையப் பாத்துப் பாத்து அழுதேன். கங்காணி வேற, ஒந்தோலு எரும தோலுடான்னாரு. அந்தப் பேரு இங்க வரைக்கும் என் பின்னாலயே வந்துச்சு. எருமத்தோலு செல்லசாமி. நீங்களே கூப்பிட்டிருக்கீங்க, கல்யாணத்துல.

அப்பிடிப்பட்டவனுக்கு, மறுநா முழிச்சுப் பாத்தா கை இப்பிடி எழும்பி நிக்குது! எப்பிடி இருக்கும்? அட்ரா சக்கன்னேன். அந்தக் குளுருல சட்டக் கையச் சுருட்டி விட்டுக்கிட்டுத்தான் கவ்வாத்து மலைக்கிப் போனேன். பாக்குற ஆளுக்கெல்லாம் காட்டுனேன். வேல மேய்க்கிற கண்டாக்கையாவுக்கும் காட்டுனேன். சனியன், தள்ளிப் போடான்னாரு. எனக்கு அதுவும் பாராட்டு மாதிரித்தான் காதுல விழுந்துச்சு.

பக்கத்து காம்பரா இராமையாவுக்கு எழும்பல. மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. சாயங்காலம் வந்து எங்கிட்ட யோசன கேக்குறான். நாந்தான் பெரிய வைத்தியனாச்சே! சுண்ணாம்ப வச்சுக் கட்டுடா, விடியிறதுக்குள்ள எழும்பிரும்னேன். கட்டுனான். எழும்புச்சு. எழும்புச்சா, வெந்து போச்சு! எங்க லயத்து வீடு எதுலயும் அன்னைக்கி வெத்தலைக்கிச் சுண்ணாம்பு இல்ல மச்சான். எழும்பாத ஆளுக எல்லாரும் கையில பூசிக்கிட்டாங்க.

சிரிங்க, சிரிங்க. இன்னும் இருக்கு.

ஒங்க தங்கச்சி கையில ஒண்ணுமே இல்ல. கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. குத்துன எடம் எதுன்னே தெரியல. நா விடுவனா? ஒனக்குக் குத்துன மருந்து வீண், ஒங்க அண்ணன் வீட்டு ரத்தத்துல எதுவுமே ஏறாது, புத்தி ஏறாத எடத்துல ஊசி மட்டும் ஏறிருமான்னேன். கோவிச்சுக்காதீங்க. அவ விட்டாளா? எங்கண்ணனச் சொன்னா இன்னைக்கிச் சோறு கெடையாதுன்னுட்டா. சுண்ணாம்பு பூசுடின்னு கெஞ்சுனேன், இராமையா கைய ஒரு தடவ பாத்துட்டு, நீங்களே பூசிக்கங்கன்னு படுத்துட்டா.

மூணாம் நாளு டாக்டரய்யா வந்தாரு, சின்னதா ஒரு அடிமட்டத்தோட. வெரலால தடவிப் பாத்து, அளந்து, தடிச்ச ஆளுக இந்தப் பக்கம், தடிக்காத ஆளுக அந்தப் பக்கம்னு பிரிச்சாரு. எங்க பக்கம் நாந்தான் மொத ஆளு. நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறேன். அளக்கும்போது, நல்லா அளங்கய்யா, அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்குதுன்னு வேற சொன்னேன்! அவரு ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. இன்னைக்கி அர நாள் சம்பளத்துக்கு அரப் பேரு குடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு நெனச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் நின்ன வடிவப் பாத்து மீசைய முறுக்குனேன். அவ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிப்புல இருமல் வந்து குனிஞ்சுட்டா.

அப்பறந்தான் நம்ம தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சரய்யா முன்னுக்கு வந்து வெளக்கம் சொன்னாரு. இது அம்மக் குத்து இல்ல, சயரோகத்தக் கண்டுபுடிக்கிற குத்து. கை தடிச்சிருந்தா, ஒடம்புக்குள்ள அந்தப் பூச்சி போயிருக்குன்னு அர்த்தம்.

மச்சான், அந்தப் பெரட்டுக்களத்துல எல்லாரும் அவங்கவங்க கையக் கம்பளிக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. இராமையா மட்டும் எச்சியத் தொட்டுத் தொட்டுச் சுண்ணாம்ப அழிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் ஓடுறான். ஐயா, எனக்குத் தடிக்கலய்யா, இது சுண்ணாம்புய்யா, செல்லசாமி சொல்லிப் பூசுனேன்யான்னு கத்துறான். டாக்டரய்யா தலையில அடிச்சுக்கிட்டாரு.

அதுக்கப்பறமும் டிஸ்பென்சரய்யா பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. பயப்படாதீங்க, பூச்சி போனவனெல்லாம் நோயாளி இல்ல, நெஞ்ச வச்சுப் பாத்தாத்தான் தெரியும், டாக்டர் மறுபடி வருவாரு, எல்லாஞ் சொன்னாராம். எங்காதுல விழுந்தாத்தான? பூச்சின்னு சொன்னதோடயே எங்காது அடச்சுப்போச்சு. கண்ணுக்கு முன்னால காளியாயி பாடைதான் போகுது. சயரோகம்னா வேலையிலேருந்து பேர வெட்டிருவாங்க, ஊருக்கு அனுப்பிருவாங்க. தேயில வெல விழுந்தப்ப எத்தன பேர அப்பிடி மூட்ட கட்டி அனுப்புனாங்க. ஊருல எனக்கு யாரு இருக்கா? செத்துத்தான் போகணும், செத்தா இங்கயே சாவோம்னு வந்து படுத்துட்டேன்.

எந்திரிக்கல மச்சான். நல்லா நடந்து வந்தவன், படுத்த ஒடன காலு மரத்துப்போச்சு. இருமல் வரல, வருவிச்சேன். எங் கவ்வாத்துக் கத்திய இராமையாவுக்கு எழுதி வச்ச மாதிரி குடுத்துட்டேன். அவன் அத வாங்கிக்கிட்டு, கைப்பிடி லேசா ஆடுதேங்குறான். ஆருக்கு எது கவல பாருங்க. எனக்குன்னு தனித் தட்டு, தனிச் செரட்டை. வடிவ கிட்ட வராதன்னுட்டேன். அவ கையத் தூரத்துலேருந்து பாத்து, நல்ல வேள நீ தப்பிச்சே, சாமி ஒன்ன விட்டுட்டாருன்னு அழுதேன். நெசமாத்தான் அழுதேன், அது நடிப்பில்ல. நா போனப்பறம் ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிருடி, டயகமயில பேரு பதிஞ்சுக்கன்னேன். அப்பத்தான் லொறிக்காரருகிட்ட ஒங்களுக்குச் சேதி சொல்லி விட்டது.

சாகப்போறவனுக்குப் பசி மட்டும் அடங்கல. கடைசியா ஒரு தடவ கோழிக் கொழம்பு சாப்புட்டுச் சாகணும்னேன். வச்சுக் குடுத்தா. சாப்புட்டேன். சாகல. மறுநா, கடைசியா ஒரு தடவ கருவாடுன்னேன். அதுக்கடுத்த நா பலாக்காய். அவ எல்லாத்தையும் வச்சுக் குடுத்துட்டு, இந்தக் கடைசி ஆச எத்தன நாளைக்கி வருது, சொன்னீங்கன்னா சாமான் வாங்கிப் போட்டுர்றேன்னு மட்டும் கேட்டா.

ஆமா, இதுக்குச் சிரிப்பீங்கன்னு தெரியும். ஒங்க வீட்டுக்காரங்களுக்கெல்லாம் அந்த ஊசி நாக்கு.

ஆனா ஒண்ணு மச்சான். பகலெல்லாம் மழையில கொழுந்தெடுத்துட்டு வந்து, பீலியில தண்ணி புடிச்சுத் தூக்கிட்டு வந்து, அடுப்ப ஊதி, எல்லாம் அவதான். கூடைய எறக்கி வச்சுட்டு, இப்ப நீங்க உக்காந்திருக்கிற எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்து மூச்சு வாங்குவா. நா உள்ள படுத்துக்கிட்டு, ஏன்டி, சாகக் கெடக்குறவன் நானு, மூச்சு வாங்குறது நீயான்னு கேப்பேன். கேட்டுட்டு நானே சிரிச்சுக்குவேன். அப்பிடி ஒரு ஆளு நா.

சாயத் தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? சரி, சொல்லி முடிச்சிர்றேன்.

டாக்டரய்யா மறுபடி வந்தாரு, நெஞ்சு பாக்க. நடந்து போவனா நானு? கம்பளியத் தொட்டில் மாதிரி கட்டி, நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. இராமையாவும் ஒரு ஆளு, பாதி வழி போனதும், செத்த பொணம் இம்புட்டுக் கனக்காதுடாங்குறான். டிஸ்பென்சரி வாசல்ல எறக்குனாங்க. டாக்டரய்யா கொழாய வச்சு முன்னால கேட்டாரு, பின்னால கேட்டாரு, முதுகுல தட்டிப் பாத்தாரு. சளி துப்புன்னாரு. எங்கேருந்து துப்புறது? வெத்தல எச்சிதான் வந்துச்சு. எந்திரின்னாரு. முடியாதுய்யான்னேன். எந்திரிடான்னாரு. எந்திரிச்சுட்டேன்!

ஒனக்கு நோயே இல்லன்னுட்டாரு மச்சான். அப்ப இந்தக் கைன்னேன். அவருதான் புரியிற மாதிரி சொன்னாரு. இந்தா பாரு, ஒரு வீட்டுக்குள்ள எப்பவோ ஒரு திருடன் பூந்துட்டான். அந்த வீட்டு நாய் அவனப் புடிச்சு மூலையில போட்டு அமுக்கிருச்சு. அதுக்கப்பறம் அந்தத் திருடன் வாசன கொஞ்சம் அடிச்சாப் போதும், நாய் கொரைக்கும். ஊசியில நாங்க வச்சது அந்த வாசனதான். ஒங்கையி தடிச்சது நாய் கொரைச்ச சத்தம். இங்க வளந்த ஆளுகள்ல பாதிப் பேருக்கு மேல கொரைக்கும், அதுக்காக அத்தன பேரும் சாகப்போறாங்களா, போயி வேலையப் பாருன்னாரு. வெளியில நின்ன சனம் பூராச் சிரிச்சுச்சு. நாலு பேருல ஒருத்தன் கூட நிக்கல. அந்தக் கம்பளிய நானே சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னேன். கத்தியத் திருப்பிக் கேட்டா, இராமையா புதுக் கைப்பிடி போட்டுட்டேங்குறான். இன்னும் குடுக்கல.

அத்தோட கத முடிஞ்சிருந்தா நல்லாருக்கும் மச்சான். நீங்களும் கோழியக் கொழம்பு வச்சுச் சாப்புட்டு, நம்ம மாடசாமிக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போயிருப்பீங்க.

நா டிஸ்பென்சரியிலேருந்து கெளம்புறேன். டாக்டரய்யா, தடிக்காத ஆளுகளையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்கன்னாரு. வடிவு உள்ள வந்தா. எனக்குத்தான் உசுரு திரும்பிக் கெடச்ச கொண்டாட்டமாச்சே, வாய் சும்மா இருக்குமா? ஐயா, இவள எதுக்குப் பாக்குறீங்க, இவ கை சுத்தம், திருடனும் வரல நாயும் கொரைக்கலன்னேன். பெரிய வெவரமாப் பேசிட்டதா நெனப்பு.

அவரு சிரிக்கல.

கொழாய முதுகுல வச்சாரு. எடுக்கவே இல்ல. மூச்ச இழு, விடு, இருமு, மறுபடி இழு. தோள்பட்ட எலும்பத் தொட்டுப் பாத்தாரு. அப்பத்தான் மச்சான் நானும் பாக்குறேன், அந்த எலும்பு அப்பிடித் துருத்திக்கிட்டு நிக்குது. தெனமும் பாக்குற ஆளு நா, எங்கையில இருந்த பணியாரத்தப் பாத்த கண்ணுக்கு அது படல. எத்தன நாளா இருமல்னு கேட்டாரு. மழ தொடங்குனதுலேருந்து, பனி ஒத்துக்கலய்யான்னா. ராவுல வேர்க்குதான்னு கேட்டாரு. வேர்க்குதுன்னா. எனக்கே தெரியாது அது.

என்னக் கிட்ட கூப்புட்டாரு. செல்லசாமி, நாய் கொரைக்கலேன்னா அதுக்கு ரெண்டு காரணம் இருக்குன்னாரு. திருடன் வந்தே இருக்க மாட்டான். கொரைக்காத ஆளுகள்ல முக்காவாசிப் பேருக்கு அதுதான். இல்லேன்னா, திருடன் வீடு பூரா வந்து உக்காந்துட்டான், சண்ட போட்டுப் போட்டு நாய்க்குக் கொரைக்கிற தெம்பு கூட மிச்சம் இல்ல.

ஆமா மச்சான். ஒங்க தங்கச்சிக்கு ரெண்டாவது.

சளிய எடுத்துட்டுப் போயி கண்ணாடியில வச்சுப் பாத்தாங்க. நேத்துத்தான் டிஸ்பென்சரய்யா வந்து சொன்னாரு, இருக்குன்னு. நாளைக்கிக் காலையில தொரையோட லொறி வருது. மண்ணு சரிஞ்ச எடத்த விட்டுட்டு ஸ்டோர் பக்கமா வழி வெட்டி விட்டுட்டாங்களாம். கீழ்நாட்டுல இருக்கிற சயரோக ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போறாங்க. நாலு மாசமும் ஆகலாம், வருசமும் ஆகலாம், நல்ல சாப்பாடும் காத்தும் படுக்கையும் குடுத்தா நாய்க்குத் தெம்பு திரும்பும், சில பேருக்குத் திரும்பியிருக்குன்னாரு டாக்டரய்யா. சில பேருக்குன்னுதான் சொன்னாரு. நா கூடப் போறேன். பேர வெட்டுனா வெட்டட்டும். அங்க வாசல் கூட்டவாச்சும் ஒரு ஆளு வேணாமா?

இருங்க, இருங்க மச்சான். எந்திரிக்காதீங்க. இந்த மொகத்தோட உள்ள போகக் கூடாது. நா சொன்னதில்ல இது, அவ சொன்னது. சேதி வந்த ஒடன அவ எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான். எப்பிடியும் எங்கண்ணன் வருவாரு, வந்த ஒடனப் போட்டு ஒடைச்சிராதீங்க. எங்கம்மா இதே இருமல்ல சாகும்போது எங்கண்ணன் மொகம் எப்பிடி இருந்துச்சு தெரியுமா, எங்கம்மா அந்த மொகத்தப் பாத்துத்தான் தான் பொழைக்க மாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டா. எனக்கு அந்த மொகம் வேணாம். மொதல்ல சிரிக்க வைங்க, ஒங்களுக்கு அது ஒண்ணுதான் ஒழுங்கா வரும்னா.

அதான் மச்சான். கை தடிச்சதும் சுண்ணாம்பும் பலாக்காயும் இம்புட்டு நேரம் நா பேசுனது அதுக்குத்தான். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. சத்தம் போட்டுச் சிரிச்சா இருமல் வந்துரும்னு முந்தானையக் கடிச்சுக்கிட்டு இருப்பா.

அவசரம் இல்ல. மொகத்தத் தொடச்சுக்கங்க. செத்த முன்னால ஒரு தடவ சிரிச்சீங்க பாருங்க, அந்த மொகம் வந்ததும் உள்ள போங்க. வரலியா? பரவால்ல, உக்காருங்க. நா முட்டாளான கதைய மொதல்லேருந்து இன்னொரு தடவ சொல்றேன்.